நடப்பவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது

என் அக்கா புருஷன் செத்துத்தான் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அந்த முறை ஆற்றில் இறங்கினேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். அக்காவோடு ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்து பார்த்தால் அவர்களும் இதைத்தான் வேண்டிக்கொள்வார்கள்.

அக்கா ஜன்னல் திரை தைக்கிறவள். வீட்டு முன்னறைதான் பட்டறை. கதவைத் திறந்தால் அடுத்தவர் வீட்டுத் திரைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கும். அவற்றை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தரையெல்லாம் நூல் துணுக்கும் பித்தளை வளையமும். ஒரு பக்கம் தையல் மிஷின், இன்னொரு பக்கம் நீளமான வெட்டு மேசை. சுவரோரம் அத்தானின் ஏசி ரிப்பேர் சாமான்கள்: ஒரு காஸ் சிலிண்டர், செப்புக் குழாய்ச் சுருள், பாதி கழற்றிய மோட்டார். ஒரு வருஷமாக அக்கா அந்தச் சாமான்களைத் தொடவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. பெருக்கும்போது அவற்றைச் சுற்றிப் பெருக்குவாள்.

போன வருஷம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் என்னோடும் என் கூட்டாளிகள் இரண்டு பேரோடும் ஆளுக்கொரு கயாக் படகில் ஆற்றுக்கு வந்தார். நாங்கள் மூன்று பேர் வீடு திரும்பினோம். அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு மாதத்துக்குள் அவர் ஓடிப்போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி நினைக்க முகாந்திரம் இருந்தது. அவருடைய படகு கவிழ்ந்து கிடக்கவில்லை. கரையில் ஒரு பாறைமேல் பத்திரமாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. துடுப்பு அதற்குள்ளேயே இருந்தது. போனும் பர்சும் வைத்திருந்த இடுப்புப் பையும் இல்லை, ஆபத்தில் வீசுகிற கயிறு வைத்த பையும் இல்லை. படகு இருந்த இடத்திலிருந்து ஆடு மேய்க்கிறவர்கள் ஏறி இறங்குகிற தடம் ஒன்று மேட்டு ரோட்டுக்குப் போகிறது. செங்குத்தான தடம், கயிறு இருந்தால் ஏறுவது சுலபம். அன்றைக்கு அந்த ரோட்டில் ஈர உடுப்போடு கை காட்டிய ஒருத்தரை ஏற்றிக்கொண்டு போனதாக ஒரு லாரி டிரைவர் வேறு சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, முந்தின நாள் சாயங்காலம் அக்காவும் அத்தானும் போட்ட சண்டை. "ஒரு நாள் பாரு, சொல்லாம கொள்ளாமப் போயிடுவேன், அப்பத் தெரியும் என் அருமை" என்று அவர் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. வாழ்நாளில் அந்த மனுஷன் உரக்கப் பேசியதே அபூர்வம். பேசிய ஒன்றையும் ஊரே கேட்டுத் தொலைத்தது.

மீட்புப் படையினர் சில நாள் தேடினார்கள். வெள்ளம் வடியவில்லை. தேடுகிறவர்களுக்கே ஆபத்து என்று நிறுத்திக்கொண்டார்கள். போகும்போது அவர்களில் ஒருவர், "படகு மேலே இருக்கு, ஆள் கீழே எப்படி இருப்பாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு கேள்வி அக்காவின் தலையில் ஆணியாக இறங்கிவிட்டது.

அதுவரைக்கும் "அவரு" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் "அந்த ஆளு" என்று ஆரம்பித்தாள். பிறகு "அவன்." திரைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் தானே வலியப் போய்ச் சொல்லுவாள். "என் புருஷன் ஓடிப்போயிட்டான். ஆத்துக்குப் போறேன்னு சொல்லி அப்படியே மேல ஏறிப் போயிட்டான்." வந்தவர்கள் பாவம், எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியாமல் துணியைத் தடவிக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் முழுசாக நம்பினாளா என்றால் அதுவும் இல்லை. மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று நிறுத்துவாள். "செத்துட்டான்னா உக்காந்து அழுதுட்டு எந்திரிச்சு வேலையப் பார்ப்பேன். ஓடிட்டான்னா காறித் துப்பிட்டு வேலையப் பார்ப்பேன். ரெண்டும் இல்லாம இப்படி நடுவுலயே தொங்கிக்கிட்டு இருக்க நான் என்னடா, ஜன்னல் திரையா?"

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் என் பிழைப்பு. அக்காவை எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அதனால்தான் அந்த வேண்டுதல். அத்தான் எலும்பாகவாவது கிடைத்துவிட்டால் இவள் ஒரு பக்கம் சாய்ந்து அழுவாள், அதோடு விட்டது என்று நினைத்தேன்.

வழி காட்டியது கண்ணாடி. எங்கள் கூட்டாளி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். சோடாபுட்டிக் கண்ணாடியை ரப்பர் நாடாவால் தலையோடு கட்டிக்கொண்டுதான் படகில் ஏறுவான், அதனால் அந்தப் பெயர். ஒரு நாள் போன் பண்ணினான்.

"மேல அணையில ஷட்டர் ரிப்பேராம். தண்ணிய நிறுத்திட்டாங்க. இடுக்குல கல்லெல்லாம் வெளியில தெரியுதுன்னு சொல்றாங்க. அடுத்த வாரம் திறந்துடுவாங்க."

"போலாமா?"

"உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்" என்றான். "போய் என்ன ஆகப்போகுது? ஆள்தான் ஏறிப் போயிட்டாரே."

மூன்றாவது ஆள் பல்லி. தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுகிறவன். எந்தப் பாறையிலும் ஒட்டிக்கொண்டு ஏறுவான். அவனும் இதையேதான் சொன்னான். "தேடிக் கிடைக்கலைன்னா பரவாயில்ல. கிடைச்சிட்டா?"

அவர்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அத்தான் ஓடிப்போயிருந்தால் அது அவர் பாடு. செத்திருந்தால், கூடப் போன மூன்று பேரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஒரு கேள்வி வரும். அத்தான் ஓடிப்போனதில் எங்கள் மூன்று பேருக்குமே கொஞ்சம் நிம்மதி இருந்தது. இதை நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

கிளம்புகிற அன்று அக்கா வாசல் வரை வந்தாள்.

"எதுவா இருந்தாலும் எங்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லணும். எனக்கு வலிக்குமேன்னு பார்த்துப் பார்த்துப் பேசாத. என்ன?"

"சரிக்கா."

"சரின்னா பத்தாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

*

இடுக்கு என்றுதான் நாங்கள் அதைச் சொல்லுவோம். இரண்டு பக்கமும் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற பாறைச் சுவர், நடுவில் ஆறு. மனுஷ வாசனை கிடையாது, போனில் சிக்னல் கிடையாது, உச்சி வெயிலைத் தவிர வேறு வெயிலும் கிடையாது. உள்ளே இறங்கிவிட்டால் வெளியே வர ஒரே வழி, கீழே போவது. நடுவில் அந்த ஆட்டுத் தடம் ஒன்றுதான் விதிவிலக்கு. அதற்குச் சற்றுக் கீழேதான் ஆறு சுருங்கிப் பாய்கிற இடம். அதற்குத் தொண்டை என்று பெயர் வைத்திருந்தோம். பெயர் வைத்தபோது சிரித்துக்கொண்டுதான் வைத்தோம்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறு வேகமெடுத்து இறங்குகிற எந்தப் பாய்ச்சலுக்கு முன்னாலும் யாராவது "நடை" என்று சொன்னால், அவன் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்து கீழே வந்துவிடலாம். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. அவன் நடக்கிற பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. கீழே வந்து சேர்ந்த பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவரே அத்தான்தான். ஒரு தடவை பல்லி ஒரு பாய்ச்சலைப் பார்த்துத் தயங்கி நின்றான். "என்னடா, சேலை கட்டி விடவா?" என்று நாங்கள் கூவினோம். மானம் போகிறதே என்று இறங்கியவன் கழுத்துப்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு அத்தான் எங்களைத் திட்டவில்லை. "இனிமே நடக்கிறவனை யாரும் பார்க்காதீங்க. பார்த்தாத்தானே அவனுக்கு வெக்கம் வருது" என்றார். அவ்வளவுதான், அது சட்டமாகிவிட்டது.

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நிறையவே இருந்தது. எனக்குத் தோள் மூட்டு நழுவிச் சரியாகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. காலையில் படகு இறக்கும்போது அத்தான் பக்கத்தில் வந்து, "தோள் எப்படி இருக்கு மாப்ள?" என்று கேட்டார். "நான் என்ன சின்னப் புள்ளையா? உங்க வேலையைப் பாருங்க அத்தான்" என்று வள்ளென்று விழுந்தேன். தொண்டைக்கு மேலே வந்ததும், "நடை" என்றார். அவர் அதுவரை தொண்டையில் நடந்ததே இல்லை. முந்தின நாள் சண்டை நினைவு, மனசு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பல்லி முதலில் இறங்கினான், பிறகு நான், கடைசியாகக் கண்ணாடி. கீழே தண்ணீர் அடங்குகிற மடுவில் காத்திருந்தோம். அவர் வரவே இல்லை. நடக்கிறவனை அவசரப்படுத்தவும் கூடாது என்பதால் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. பாறையைப் பற்றிக்கொண்டு பல்லி மேலே ஏறிப் போய்ப் பார்த்தபோது படகு மட்டும் இருந்தது.

நடக்கிறவன் படகைத் தூக்கிக்கொண்டு நடப்பான். படகை வைத்துவிட்டு நடந்தவன் வேறு எங்கேயோ போயிருக்கிறான். நாங்கள் அப்படித்தான் கணக்குப் போட்டோம்.

*

இப்போது ஆறு பழைய ஆறாக இல்லை. படகுகள் கல்லில் உரசின. பாதித் தூரம் இறங்கி இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பாறைச் சுவரில் எங்கள் தலைக்கு மேலே கறுப்பாகக் கோடு போட்டதுபோல் பழைய நீர்மட்டம் தெரிந்தது. பாசி காய்ந்து நாறியது. குட்டைகளில் மீன்கள் செத்து மிதந்தன. வழக்கமாக வாய் ஓயாத பல்லி அன்றைக்கு, "கல்லு", "இடது பக்கம்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பில் இறுக்குகிற ரப்பர் பாவாடையை மாட்டும்போது ஆளுக்கு ஒரு கிண்டல் அடிப்பது எங்களுக்குப் பழக்கம். அதுவும் இல்லை.

குனிந்து ஒவ்வொரு பாறை இடுக்காகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு துணி தெரிந்தால் படகை அந்தப் பக்கம் திருப்புவேன். கிட்டே போனால் எங்கேயோ மேலே இருந்து அடித்துக்கொண்டு வந்த சாக்காக இருக்கும். கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவன், கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் நிம்மதியாக மூச்சு விட்டேன். மனசு என்பது எந்தக் கட்சி என்றே எனக்குப் புரியவில்லை.

தொண்டைக்கு வந்து சேர்ந்தோம். போன வருஷம் காது அடைக்க இரைந்த இடம், இப்போது ஒரு குழாயைத் திறந்து விட்டதுபோல் ஒழுகிக்கொண்டிருந்தது. படகுகளை மேலே கட்டிவிட்டுக் கால்நடையாக இறங்கினோம். பாய்ச்சலுக்குக் கீழே வலது பக்கம் ஒரு பெரிய பாறை. வெள்ளத்தில் அதன் தலை மட்டும்தான் தெரியும், மழை பிடித்தால் அதுவும் மூழ்கிவிடும், தண்ணீர் அதன்மேல் மோதித் திரும்பும். இப்போது முழுசாக நின்றது. அடியில் தண்ணீர் குடைந்து குடைந்து ஒரு அலமாரி அளவுக்குப் பொந்து ஆகியிருந்தது. அப்படி ஒரு பொந்து அங்கே இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பல்லி பாறை உச்சியில் ஏறினான். ஏறியவன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"டேய்" என்றான். "கயிறு."

பாறை உச்சியில் கொம்பு மாதிரி ஒரு முனை. அதில் கயிறு சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. ஆரஞ்சு நிறக் கயிறு, வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. முடிச்சு மட்டும் போட்டவர் போட்டபடி ஒழுங்காக இருந்தது. கயிறு பாறையின் முதுகு வழியாக இறங்கிப் பொந்துக்குள் போனது. பல்லி இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நான்தான் குனிந்து பார்த்தேன். முதலில் ஹெல்மெட் தெரிந்தது. அதில் வெள்ளைப் பெயின்ட்டில் "கூலிங் உத்தரவாதம்" என்று எழுதியிருந்தது. அத்தான் தானே எழுதிக்கொண்டது. அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வந்தபோது நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆபத்தில் ஊத விசில் கோத்த லைஃப் ஜாக்கெட் பொந்தின் கூரையில் செருகிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே அவர் இருந்தார், ஒரு வருஷம் தண்ணீர் மிச்சம் வைத்த அளவுக்கு. இடுப்புப் பை இடுப்பிலேயே இருந்தது. கயிறு அவர் மணிக்கட்டு இருந்த இடத்தில் சுற்றியிருந்தது.

அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தேன். மூன்று பேரும் அந்தப் பாறையையும் மேலே இருந்த பாய்ச்சலையும் மாறி மாறிப் பார்த்தோம். யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொண்டையில் ஒருத்தன் கவிழ்ந்தால் தண்ணீர் அவனை நேராக இந்தப் பாறையை ஒட்டித்தான் அடித்துக்கொண்டு வரும். கயிற்றை வைத்துக்கொண்டு நிற்க இதைவிட்டால் வேறு இடம் கிடையாது. படகைத் தூக்கிக்கொண்டு கயிற்றைப் பிடிக்க முடியாது, அதனால் படகை வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஆட்டுத் தடத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்; லாரி டிரைவர் ஏற்றிக்கொண்டு போனது வேறு யாரையோ.

எனக்காக நின்றிருக்கிறார். தோள் நழுவியவன் நான்தான். "உனக்காகக் கயிறு பிடிக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் அவரைக் கடித்துக் குதறியிருப்பேன், என் வாய் லட்சணம் அவருக்குத் தெரியும். அதனால் யாரும் ஏன் என்று கேட்காத அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நழுவி வந்திருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்ற, தனக்குப் பயம் என்று எங்களை நினைக்க விட்டிருக்கிறார். நான் அவரை ஒரு வருஷம் ஓடுகாலி என்று திட்டியிருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன்.

"நாம போறப்ப நின்னுக்கிட்டுதான் இருந்திருப்பாரு, நாமதான் அந்தப் பக்கம் பார்க்கல" என்றான் பல்லி. "எல்லாரும் தாண்டினதும் கயித்தைச் சுத்தியிருப்பாரு. அப்பத்தான் வழுக்கியிருக்கணும்."

கண்ணாடி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"விசில் கேட்டுச்சுடா."

"என்ன?"

"நான்தானே கடைசியா வந்தேன். தாண்டினதுக்கப்புறம் பின்னால விசில் கேட்டுச்சு. விட்டு விட்டு ஊதுச்சு. அப்புறம் நின்னுடுச்சு."

"ஏன்டா திரும்பல?"

"நடை சொன்னவரு. பார்க்கக் கூடாதுல்ல?" மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். "கரையில நிக்கிறவருக்கு என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சேன். சும்மா கிண்டலுக்கு ஊதுறாருன்னு நினைச்சேன்டா. அப்புறம் அவரு மேல ஏறிப் போயிட்டாருன்னு எல்லாரும் சொன்னப்ப, அப்பாடான்னு இருந்துச்சு."

ஊரில் முதல்முதலாக அந்த வார்த்தையைச் சொன்னது யார் என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு, "ஏறிப் போயிட்டாரு போல" என்று சொன்னவன் இவன்தான். ஊன்றிக்கொண்டு வந்த துடுப்பு என் கையில் இருந்தது. ஓங்கிவிட்டேன். பல்லி நடுவில் வந்து நின்றான்.

"அடி. அடிச்சிட்டு அவனைத் தூக்கிக்கிட்டுக் கீழ போவியா? இன்னும் பாதி ஆறு இருக்கு. இங்க ஏற்கெனவே ஒருத்தர் கிடக்காரு, போதும்."

துடுப்பை இறக்கினேன். கோபம் இறங்கவில்லை. இடுக்கில் இதுதான் கொடுமை. யார் மூஞ்சியில் இனி விழிக்கக் கூடாது என்று நினைக்கிறோமோ, அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கல்லைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அவனும் எனக்குக் கை கொடுத்தான். நானும் பிடித்துக்கொண்டேன்.

அத்தானை நாங்கள் எடுக்கவில்லை. எடுக்கிற நிலையில் அவரும் இல்லை, நாங்களும் இல்லை. பாறை உச்சியில் என் சிவப்புச் சட்டையை அடையாளத்துக்குக் கட்டிவிட்டு இறங்கினோம். கடைசித் திருப்பத்தில், பாலம் கண்ணில் பட்ட பிறகு, பல்லி படகை என் பக்கம் ஒட்டினான்.

"அக்காகிட்ட விசில் கதையெல்லாம் வேணாம்டா. வழுக்கி விழுந்தாரு, தலையில அடி, அந்த நிமிஷமே போயிட்டாருன்னு சொல்லிடு. அவங்களுக்கு நிம்மதியா இருக்கும்."

"அவங்களுக்கா, நமக்கா?"

அவன் துடுப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

*

போலீஸ் ஸ்டேஷனில் சொன்னோம். மறுநாள் காலையிலேயே ஆட்களை அனுப்பி எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். அதுவரை ஷட்டரைத் திறக்காமல் பொறுக்கும்படி அணைக்குச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் நிற்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் இரண்டு பேச்சையும் மாற்றி மாற்றி மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். பல்லி சொன்னதுதான் சுலபமாக இருந்தது. நாக்கில் தானாக வந்து உட்கார்ந்தது.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. திரைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். கல்யாண மண்டபம் ஒன்றுக்கு மொத்தமாக ஆர்டர் வந்திருந்தது. மேசை முழுக்கக் கரும்பச்சைத் துணி. அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

"கிடைச்சாரா?"

"கிடைச்சாருக்கா."

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில், நூல் துணுக்குகளுக்கு நடுவில், காலை நீட்டி உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். பாறையைச் சொன்னேன். கயிற்றைச் சொன்னேன். படகை ஏன் மேலே வைத்துவிட்டுப் போனார் என்று சொன்னேன். "என் தோளுக்காகத்தான்க்கா நின்னிருக்காரு. எங்கிட்டச் சொன்னா நான் கத்துவேன்னு சொல்லாம நின்னிருக்காரு." அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "அவரு அப்படித்தான்" என்றாள். "சொல்ல மாட்டாரு." கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு என் பழைய அக்காவைப் பார்த்தேன். அழுகிறாள், ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள், இனி பிழைத்துக்கொள்வாள் என்று எனக்குள் ஒரு பாரம் இறங்கியது.

அப்போதுதான் கேட்டாள்.

"கூப்பிட்டாராடா?"

நான் சுவரோரம் கிடந்த செப்புக் குழாய்ச் சுருளைப் பார்த்தேன்.

"விழுந்தா கூப்பிட்டிருப்பாரே. இத்தனை பேரு இருந்தீங்களே. யாருக்கும் கேக்கலையா?"

தண்ணீர் இரைச்சல் அக்கா, எதுவும் கேட்காது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைகூட அது. ஆனால் அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தியம் வாங்கிய அன்றைக்குப் பார்த்த மாதிரி.

"விசில் ஊதியிருக்காருக்கா. கண்ணாடிக்குக் கேட்டிருக்கு. திரும்பிப் பார்க்கல."

"ஏன்?"

ஏன் என்று கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தை அவளுக்கு விளக்கினேன். நடை என்று சொன்னால் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. அத்தான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டது என்பதையும் சொன்னேன். ஆற்றில் எவ்வளவு பெரிய நியாயமாகத் தெரிந்த விஷயம், அந்த முன்னறையில் சின்னப் பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாட்டுக்குப் போட்டுக்கொண்ட விதி மாதிரி இருந்தது. சொல்லச் சொல்ல என் வாயே கூசியது. திட்டுவாள், எழுந்து வந்து அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா ஒன்றும் செய்யவில்லை. தெளிந்திருந்த முகம் என் கண்ணெதிரிலேயே மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. தரையில் கிடந்த ஒரு துணுக்கை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"ஓடியே போயிருக்கலாம்டா அவரு" என்றாள். "எவளோடயாவது, எங்கயாவது, நல்லா இருந்திருப்பாரு. நானும் திட்டிக்கிட்டே இருந்திருப்பேன்."